மாற்றுச் சரக்கின் வரவும் செலவும்

ஸ்டூடியோ மட்பாண்டக்காரர்கள் மத்தியில் ஃப்ளோட்டிங் ப்ளூ என்றொரு நீல கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) ரொம்பப் பிரபலம். ஜேம்ஸ் சாப்பெல் என்ற அமெரிக்கரின் புத்தகத்தில் வந்த செய்முறை. கோன் 6 வெப்பத்துக்கு, அதாவது சுமார் 1,220 டிகிரி செல்சியஸுக்கு ஆனது. நெஃபலின் சயனைட் 47.3 பங்கு, கெர்ஸ்ட்லி போரேட் 27, சிலிக்கா 20.3, கயோலின் 5.4, இவற்றின் மேல் கொஞ்சம் இரும்பு, கோபால்ட், ரூட்டைல். நன்றாக வெந்து வந்தால் நீலத்துக்குள் வெள்ளைப் புகை மிதக்கும், விளிம்புகளில் பழுப்பு வெடித்துத் தெரியும்.

புதுச்சேரியிலோ சென்னையிலோ பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இதைக் கலக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே முட்டுக்கட்டை. பட்டியலின் முதல் இரண்டு பொருளும் பக்கத்துக் கடையில் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் 74.3 பங்கு, முக்கால்வாசிச் சரக்கு இல்லாத செய்முறை அது. உடனே யாராவது சொல்வார்கள்: "நெஃபலினுக்குப் பதிலா சோடா ஃபெல்ஸ்பார் போடுங்க, போரேட்டுக்குப் பதிலா ஃபிரிட் போடுங்க, அதே அளவுதான்." (ஃபிரிட் என்பது முன்பே உருக்கி அரைத்த கண்ணாடி.) நம் பட்டறைகளில் மிக அதிகமாகப் புழங்கும் தொழில்நுட்ப ஆலோசனை இதுவாகத்தான் இருக்கும். ஒரு சரக்கு கிடைக்காதபோது இன்னொன்றை வைத்து ஒப்பேற்றும் இந்த வழக்கத்துக்கு நியாயம் உண்டு, பலமும் உண்டு. ஆனால் கடைசியில் வரும் "அதே அளவுதான்" என்ற சொல் அதன் பலத்தை எல்லாம் தின்றுவிடுகிறது.

இது ஏதோ சரக்கு கிடைக்காத ஊர்க்காரர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கெர்ஸ்ட்லி போரேட் கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு சிறிய சுரங்கத்திலிருந்து வந்த கனிமம். யூலெக்சைட், கோல்மனைட் என்ற இரண்டு போரான் கனிமங்களும் களிமண்ணும் இயற்கையாகவே கலந்தது. அமெரிக்க ஸ்டூடியோ கிளேஸ்களில் பல இதை நம்பித்தான் எழுதப்பட்டன. 2000 வாக்கில் சுரங்க நிறுவனம் வெட்டுவதை நிறுத்தியதும் அந்த நாட்டுப் பட்டறைகளே கலங்கிப்போயின. எஞ்சிய சரக்கை ஒரு களிமண் நிறுவனம் வாங்கி வைத்துப் பல ஆண்டுகள் விற்றது; அதற்குள் மாற்றுகள் வரிசையாகச் சந்தைக்கு வந்தன. நியூயார்க் மாநிலத்து ஆல்பனி களிமண்ணுக்கும் இதே கதிதான். தனியாகப் பூசிச் சுட்டாலே கருப்பும் பழுப்புமாக உருகும் அந்த மண், 1980களில் விற்பனைக்கு வருவது நின்றது. பட்டறைகள் ஆல்பர்ட்டா ஸ்லிப் போன்ற மாற்றுகளுக்குப் போயின. ஆக, மாற்றுச் சரக்கைத் தேடுவது யாருக்கும் தப்பாத வேலை. அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் கேள்வி.

கணக்குப் போடும் வழியை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் காட்டிவிட்டுப் போனார். பெர்லின் அரச பீங்கான் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹெர்மன் செகர். சூளையின் சூட்டைக் காட்டும் கோன்களை 1886இல் அறிமுகம் செய்தவரும் அவரே. கிளேஸைச் சரக்குகளின் பட்டியலாகப் பார்க்காமல், சூட்டில் எஞ்சும் ஆக்ஸைடுகளின் விகிதமாகப் பார்த்தார். கண்ணாடியாவது சிலிக்கா. வழிந்தோடாமல் பிடித்து நிறுத்துவது அலுமினா. இரண்டையும் உருக வைப்பது சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, மக்னீசியா, துத்தநாகம் போன்ற உருக்கிகள். சூளைக்குள் போன சுண்ணாம்பு சுண்ணக்கட்டித் தூளிலிருந்து வந்ததா, டோலமைட்டிலிருந்து வந்ததா, சவுக்குச் சாம்பலிலிருந்து வந்ததா என்பது இறுதிக் கண்ணாடிக்குப் பெரும்பாலும் பொருட்டில்லை. மாற்றுச் சரக்கு என்ற வழக்கத்துக்கு உள்ள ஒரே அறிவியல் அடித்தளம் இது.

இந்த அடித்தளத்தின் மேல் நின்று செய்தால் வழக்கம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு, பெர்னார்ட் லீச் பெயரால் வழங்கும் 4-3-2-1 கிளேஸையே எடுத்துக்கொள்ளலாம். பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் எனும் சுண்ணாம்புத் தூள் 20, கயோலின் 10. இதில் வைட்டிங்கை எடுத்துவிட்டு, ராஜஸ்தானில் வெட்டும் வொல்லாஸ்டோனைட்டைப் போடலாம். 20 பங்கு வைட்டிங்கில் 11.2 பங்கு சுண்ணாம்பு இருக்கிறது. அதே சுண்ணாம்பு வேண்டுமென்றால் வொல்லாஸ்டோனைட் 23.2 பங்கு வேண்டும். அது கூடவே 12 பங்கு சிலிக்காவையும் கொண்டுவரும். ஆகவே குவார்ட்ஸை 30இலிருந்து 18 ஆகக் குறைக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 91.2 வரும். குறைந்துபோன 8.8, வைட்டிங்கிலிருந்து சூளையில் கரியமில வாயுவாகப் பறந்திருக்க வேண்டியது. அந்த வாயு வெளியேறும்போது பூச்சில் ஊசித்துளை விழுவது பட்டறைகளில் தீராத தொல்லை. மாற்றியதில் கண்ணாடி அதே கண்ணாடி, தொல்லை குறைவு. மூலத்தைவிட மாற்று மேலாக இருப்பது இந்தத் தொழிலில் நடக்கிற காரியந்தான்.

உடல்நலம் சார்ந்த மாற்றுகளில் எனக்குத் தயக்கமே கிடையாது. பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாகவே வைத்திருந்தார்கள். 100 கிராம் பேரியம் கார்பனேட்டுக்கு 75 கிராம் ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட் என்பது கணக்கு. தாமிரத்தோடு பேரியம் சேர்ந்தால் வரும் பளபளப்பில்லாத, ஆனால் கண்ணைப் பறிக்கும் நீலம் ஸ்ட்ரான்ஷியத்தில் அப்படியே வராது, உண்மைதான். சோற்றுத் தட்டில் அந்த நீலம் போனால் போகட்டும். ஈயத்துக்கும் இப்படித்தான் அழுதார்கள். பிரிட்டனில் 1947இல் வந்த மட்பாண்டத் தொழில் சுகாதார விதிகள் கச்சா ஈயம் கலந்த கிளேஸைத் தடுத்து, ஈயமே இல்லாத, அல்லது எளிதில் கரையாத கிளேஸ்களை மட்டும் விட்டன. தலைமுறை தலைமுறையாகக் கிளேஸ் தோய்ப்பவர்களை முடக்கிய நோய்க்கு அப்படித்தான் அணை போட்டார்கள். ஈயத்தின் மினுமினுப்பைப் போரான் ஃபிரிட்டுகள் முழுக்கத் தரவில்லை என்று குறைசொன்னவர்கள் இருந்தார்கள். அந்தக் குறையைக் கேட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் சரி.

இனி ஃப்ளோட்டிங் ப்ளூவுக்குத் திரும்பலாம். கணக்கில் நம்பிக்கை உள்ளவர்கள்கூட எங்கே சறுக்குகிறார்கள் என்பதை அது தெளிவாகக் காட்டும்.

நெஃபலின் சயனைட்டில் சுமார் 60 விழுக்காடு சிலிக்கா, 23 அலுமினா, 15 விழுக்காடு சோடாவும் பொட்டாஷும். சாதாரண சோடா ஃபெல்ஸ்பாரில் சிலிக்கா 68, அலுமினா 19, காரங்கள் 11 என்று வைத்துக்கொள்வோம். நெஃபலின் கொடுத்த காரம் முழுவதும் ஃபெல்ஸ்பாரிலிருந்தே வர வேண்டுமென்றால் 47.3க்குப் பதில் 64 பங்குக்கு மேல் வேண்டும். அது அள்ளிக்கொண்டு வரும் சிலிக்காவைக் கழித்தால் குவார்ட்ஸ் 20இலிருந்து 6 ஆகிவிடும். கயோலின் 2க்கு இறங்கும். இன்னும் தாங்கும். அடுத்து கெர்ஸ்ட்லி போரேட். அதற்கு வழக்கமாகச் சொல்லும் மாற்று ஃபெரோ நிறுவனத்தின் 3134 என்ற ஃபிரிட்: சிலிக்கா 46, போரான் ஆக்ஸைடு 23, சுண்ணாம்பு 20, சோடா 10. போரானைச் சமன்செய்ய 32 பங்கு ஃபிரிட் போட வேண்டும். அது கூடுதலாகக் கொண்டுவரும் சிலிக்கா கிட்டத்தட்ட 11 பங்கு. குவார்ட்ஸில் மிச்சம் இருப்பதோ 6. கணக்கு மைனஸில் போய் நிற்கிறது. பலர் இந்த இடத்தில் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு "அதே அளவு" பக்கம் போய்விடுகிறார்கள்.

சரக்குகளை ஒவ்வொன்றாக மாற்றியதுதான் தப்பு. ஃபிரிட் சிலிக்காவோடு சோடாவையும் கொண்டுவருகிறதே, அதை வரவில் வைத்தோமா? வைத்தால் ஃபெல்ஸ்பாரை 64இலிருந்து 47க்கு இறக்கலாம். ஃபெல்ஸ்பார் குறைந்தால் அதன் சிலிக்காவும் அலுமினாவும் குறையும். அலுமினாவை ஈடுகட்டக் கயோலினை 12க்கு உயர்த்தலாம். கடைசியில் ஃபிரிட் 32, சோடா ஃபெல்ஸ்பார் 47, கயோலின் 12, குவார்ட்ஸ் 3 என்று எல்லாம் சமனாகிவிடுகிறது. ஒரு வேடிக்கை: நெஃபலின் இருந்த 47இல் ஃபெல்ஸ்பாரும் 47 ஆகவே வந்து நிற்கிறது. "அதே அளவு" போட்டவர் ஃபெல்ஸ்பாரில் குருட்டாம்போக்கில் ஜெயித்திருப்பார். ஆனால் குவார்ட்ஸை 20லேயே விட்டிருப்பார். 17 பங்கு அதிகம். கோன் 6இல் அது சரியாக உருகாமல் இறுகிப் பால்போல வெளுத்து நிற்கும். பிறகு சூளையைத் திட்டுவோம், ரூட்டைலைத் திட்டுவோம்.

இதுவரை சொன்னது காகிதத்தின் வெற்றி. காகிதம் பார்க்காத பக்கமும் உண்டு. வழக்கத்தின் உண்மையான குறைகள் அங்கேதான் இருக்கின்றன.

ஆக்ஸைடுக் கணக்கு சூளையிலிருந்து இறக்கிய பிறகான கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறது. வாளியில் இருக்கும் குழம்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கெர்ஸ்ட்லி போரேட்டில் இருந்த களிமண் தண்ணீரில் கூழாகி மற்றத் தூள்களைத் தாங்கி நிற்கும். சில சமயம் தயிராய் உறைந்து எரிச்சலூட்டும். ஃபிரிட்டோ வெறும் கண்ணாடித் தூள். கிளறி வைத்த பத்து நிமிடத்தில் அடியில் கல்லாய்ப் படியும். நம் கணக்கில் கயோலின் 12க்கு ஏறியதால் தப்பித்தோம். எல்லாச் செய்முறையிலும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. இன்னொரு வழி, வெங்காரத்தையே நேராகப் போடுவது. நாட்டு மருந்துக் கடையிலும் பொற்கொல்லர் பட்டறையிலும் கிடைக்கும் மலிவான போரான் அதுதான். ஆனால் தண்ணீரில் கரைந்துவிடும். குழம்பின் தண்ணீரோடு சேர்ந்து ஒருமுறை சுட்ட, பூச்சில்லாத பானையின் (பிஸ்க்கின்) துளைகளுக்குள் போய்விடும். வாளியில் மிஞ்சியது படிகமாய் ஒட்டும். செய்முறையில் சரியாக இருந்த போரான், பானையின் மேல் சரியான இடத்தில் இருக்காது. ஃபிரிட் என்ற ஒன்றையே கண்டுபிடிக்க நேர்ந்ததற்கு இந்தக் கரைசல் தொல்லை முக்கியக் காரணம்.

அடுத்தது உருகும் பாதை. இறுதி விகிதம் ஒன்றாக இருந்தாலும், அங்கே போய்ச் சேரும் வழி ஒன்றல்ல. கெர்ஸ்ட்லி போரேட் சூட்டில் தன் எடையில் கால் பங்குக்கு மேல் நீராகவும் வாயுவாகவும் விட்டு, முரட்டுத்தனமாக, இடத்துக்கு இடம் மாறி உருகும். ஃபிரிட் ஏற்கெனவே ஒருமுறை உருக்கி ஒரே சீராக்கப்பட்டது, அமைதியாக இளகும். நீலத்துக்குள் புகை மிதப்பதற்கு அந்த முரட்டு உருகலும் ஒரு காரணம். சுத்தமான ஃபிரிட்டில் செய்தால் பூச்சு வழவழப்பாக, குறையில்லாமல் வரும். மிதப்புதான் குறைந்திருக்கும். குறைபாடு என்று நாம் நினைத்தது அழகுக்குக் காரணமாக இருந்தது என்பதை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது.

சீனர்களுக்கு இது 15ஆம் நூற்றாண்டிலேயே நேர்ந்தது. இது கிளேஸுக்குக் கீழே தீட்டும் நிறத்தின் கதை. மிங் வம்சத்து யோங்லே, சுவாந்தே காலப் பீங்கான்களில் தீட்டிய கோபால்ட் வெளிநாட்டிலிருந்து வந்தது, இரும்பு அதிகம். கோடுகள் ஆழ்ந்த நீலமாக, ஆங்காங்கே கறுத்துத் திட்டுத்திட்டாகத் தேங்கி நிற்கும். பிறகு உள்நாட்டுக் கோபால்ட்டுக்கு மாறினார்கள்; அதில் மாங்கனீஸ் அதிகம். செங்ஹுவா காலத்துக் கிண்ணங்களில் (1465–1487) நீலம் மென்மையாக, வெளிறி, சீராக இருக்கும். பழைய நீலம் திரும்பவில்லை. ஆனால் செங்ஹுவாவின் மென்னீலத்தைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் உருவானார்கள். 18ஆம் நூற்றாண்டில் சிங் வம்சத்து ஓவியர்கள் பழைய மிங் பாண்டங்களைப் போலவே செய்யப் பார்த்தபோது, அந்தக் கறுப்புத் திட்டுகளைத் தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்துத்தான் காட்ட முடிந்தது. சரக்கு தானாகச் செய்ததைக் கை நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. மாற்றுச் சரக்கு மூலத்தைத் திருப்பித் தரும் என்று யாராவது உறுதி சொன்னால் இந்தப் புள்ளிகளை நினைத்துக்கொள்ளலாம். அதேசமயம், மாற்றுச் சரக்கு தனக்கென்று ஓர் அழகைக் கொண்டுவரக்கூடும் என்பதற்கும் செங்ஹுவா கிண்ணங்களே சாட்சி.

சில இடங்களில் மாற்று என்பதே கிடையாது. வெள்ளைப் பூச்சுக்கு வெள்ளீய ஆக்ஸைடுக்குப் பதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜிர்கோன் போட்டால் வெளுப்பு வந்துவிடும், செலவும் குறையும். ஆனால் குரோமியமும் வெள்ளீயமும் சேர்ந்து தரும் இளஞ்சிவப்புக்கு ஜிர்கோன் உதவாது; வெள்ளீயம் இல்லாவிட்டால் குரோமியம் பச்சைக்கே போய்விடும். ஒரே பொருள் இரண்டு வேலை செய்யும்போது, எந்த வேலைக்காக அது செய்முறையில் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். "எதுக்குப் பதிலா எது" என்று அச்சடித்து வைத்திருக்கும் பட்டியல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். கணக்கே வேண்டாம் என்று கைவிடுகிறவர்களை நான் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். கணக்குக்கு வேண்டிய எண் அவர்களிடம் இல்லை. டைல்ஸ் ஆலைக்கும் கண்ணாடி ஆலைக்கும் லாரி லாரியாகப் போகும் ஃபெல்ஸ்பாருக்குப் பகுப்பாய்வு அறிக்கை உண்டு. 25 கிலோ மூட்டை வாங்கும் பட்டறைக்காரருக்குக் கிடைப்பது, சாக்கின் மேல் மார்க்கரில் கிறுக்கிய "சோடா" அல்லது "பொட்டாஷ்". சில சமயம் அதுவும் இருக்காது, "ஃபெல்ஸ்பார் 200 மெஷ்" என்று மட்டும் இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்பார் கடைக்காரர். ஒன்றல்ல. சோடா கலந்த கண்ணாடி சூட்டில் அதிகம் விரியும், ஆறும்போது அதிகம் சுருங்கும். பொட்டாஷுக்கு எழுதிய கிளேஸில் சோடா போட்டால் பூச்சு முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடும். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாது. ரசமும் புளிக்குழம்பும் ஊற்றிப் பழகிய பிறகு கோடு கோடாய்க் கறை பிடித்துத் தெரியும். ஃபிரிட் கதை இதைவிட மோசம்: என்ன கலந்தது என்பது ஆலைக்காரரின் ரகசியம், "லோ டெம்பரேச்சர் டிரான்ஸ்பரன்ட்" என்பதுதான் முழு விவரம். மேலே நான் போட்ட 3134 கணக்கை அப்படிப்பட்ட ஃபிரிட்டுக்குப் போடவே முடியாது. அமெரிக்காவிலும் ஜி-200 என்ற ஃபெல்ஸ்பார், ஹெச்பி, ஈயூ என்று வால் முளைத்துத் தன்மை மாறியது. ஆனால் அங்கே மாறியதற்கு அறிக்கை வந்தது.

தூரத்துச் செய்முறையைத் துரத்திக்கொண்டே இருக்காமல், கையில் உள்ள சரக்கிலிருந்து தொடங்கும் வழியும் இருக்கிறது. எனக்கு அதில்தான் மதிப்பு அதிகம். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையிலிருந்து கிளைவிட்ட தலைமுறை, சவுக்கு விறகில் சுட்டுப் பழகியது. சூளைச் சாம்பலே சுண்ணாம்புக்கு ஒரு மூலம். நெல் விளையும் ஊர்களில் உமிச் சாம்பல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. நன்றாக எரிந்த சாம்பலில் 90 விழுக்காடு அளவுக்குச் சிலிக்கா, அதுவும் மிக நுண்ணியது. ஜப்பானியர்கள் உமிச் சாம்பலில் பால்வெள்ளை கிளேஸே செய்கிறார்கள். ஃப்ளோட்டிங் ப்ளூவுக்கு வேண்டிய ரூட்டைலும், வெள்ளீயத்துக்கு மாற்றான ஜிர்கோனும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கின்றன. நெஃபலின் சயனைட்டும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை, முருகன் கோயில் இருக்கும் மலை, அந்தப் பாறை வகையைச் சேர்ந்தது. டி. ஹெச். ஹாலண்ட் 1901லேயே அதைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக விரிவாக எழுதியிருக்கிறார். கருநிறக் கனிமங்கள் கலந்த பாறை அது; அப்படியே அரைத்தால் வெள்ளைப் பூச்சுக்கு ஆகாது. தவிர, அது கோயில் மலை. சம்மட்டியோடு போக வேண்டாம். பெயர்கள்தான் தூரத்தவை, கனிமங்கள் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன்.

இந்த வழியையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாம்பல் மரத்துக்கு மரம் மாறும், அதே மரத்திலும் பட்டைக்கும் கட்டைக்கும் மாறும். கழுவாவிட்டால் கையை அரிக்கும். கழுவினால் காரம் போய்விடும், கணக்கு மாறும். நூறு கிண்ணம் ஒரே நிறத்தில் வேண்டும் என்று ஆர்டர் எடுத்தவருக்குச் சாம்பல் கிளேஸ் தலைவலிதான். அவருக்கு, அறிக்கையோடு வரும் நல்ல ஃபிரிட்டே உத்தமம்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பக்கமும் சமமாக நிற்கவில்லை. கணக்கோடு செய்யும் மாற்று, மூலத்தைவிடப் பாதுகாப்பாகவும் மலிவாகவும் சில சமயம் மேலாகவும் இருக்கும். பெயரைப் பார்த்து அதே அளவில் செய்யும் மாற்று, பூந்தொட்டியில் அசிங்கம். சாப்பாட்டுப் பாத்திரத்தில் ஆபத்து. சிலிக்காவும் அலுமினாவும் குறைந்துபோன கண்ணாடி வெளிப்பார்வைக்குப் பளபளக்கும். எலுமிச்சைச் சாறும் ஊறுகாயும் பட்டால் உள்ளே இருக்கும் தாமிரமும் கோபால்ட்டும் கசியலாம். ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்கப் பூச்சின் மேல் வைத்துக் காலையில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது தோற்றவர்களை மட்டும் காட்டிக்கொடுக்கும் சோதனை. அதில் தேறியது எல்லாம் பாதுகாப்பு என்று ஆகாது. அதற்கு ஆய்வகத்தில் கசிவுச் சோதனைதான் வேண்டும்.

பட்டறை நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பத்துப் பேர் சேர்ந்து ஒரே இடத்தில் சரக்கு வாங்குங்கள். மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் ஆலையிலிருந்து அறிக்கை வாங்கித் தருவார். மூட்டை மாறிய தேதியைச் சோதனை வில்லையின் முதுகில் எழுதுங்கள். அறிக்கை இல்லாத மூட்டையில் கலந்த கிளேஸை விளக்குக்கும் தொட்டிக்கும் ஜாடியின் வெளிப்புறத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சோறு படும் பக்கத்தில் பூசாதீர்கள்.